இண்டக்‌ஷன் அடுப்புக்கு வீட்டில் இருக்கும் பாத்திரங்களில் எது தேறும்?

கேள்வி கேட்டவர் புதிதாக வாடகை வீட்டுக்குப் போனவர்; மொத்தம் இரண்டு பேர். கேஸ் இணைப்பு வரும்வரை சமாளிக்க 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறார். வீட்டில் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரங்களில் சில நன்றாகச் சூடாகின்றன. சிலவற்றை வைத்ததுமே அடுப்பு ‘பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. தோசைக்கல்லில் நடுவில் கருகுகிறது, ஓரம் வேகமாட்டேன் என்கிறது. கடையில் ஒரு வட்டத் தட்டைக் காட்டி, இதை அடியில் வைத்தால் எந்தப் பாத்திரமும் ஓடும் என்கிறார்கள். தட்டை வாங்குவதா, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புது செட் வாங்குவதா என்பது அவர் கேள்வி. பார்த்தால் எதை வாங்கலாம் என்று கேட்பது போல இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு பாத்திரங்களில் ஒன்று மட்டும் ஏன் சூடாகிறது என்பதுதான்.

நான் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு, இந்த அடுப்புகளைப் பழுது பார்க்கும் வேலையில் பல வருஷமாக இருப்பவன். பழுது என்று என் மேஜைக்கு வரும் அடுப்புகளில் பலவற்றில் அடுப்பில் கோளாறே இருக்காது; வைத்த பாத்திரம்தான் காரணமாக இருக்கும். அந்த அனுபவத்திலிருந்து முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: தட்டு வேண்டாம், செட்டும் வேண்டாம். இருப்பதைச் சோதித்துப் பாருங்கள், தேறாதவற்றுக்குப் பதிலாக மூன்று பாத்திரம் மட்டும் பார்த்து வாங்குங்கள். ஏன் என்பதை இனி சொல்கிறேன்.

இந்த அடுப்பு தானாகச் சூடாவதில்லை. கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய ஒரு காயில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றும். பிறகு அதை 20,000 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் திசை மாறும் மின்னோட்டமாக்கிக் காயிலுக்கு அனுப்பும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உலோகத்தின் தடையை எதிர்த்து ஓடுவதால் அடித்தகடு சூடாகிறது. கண்ணாடியில் நீங்கள் தொட்டு உணரும் சூடு, பாத்திரத்திலிருந்து கீழே இறங்கிய சூடு. ஆகவே சமைப்பதற்கான வெப்பம் பிறக்கும் இடம் பாத்திரத்தின் அடித்தகடு. மேலே பாத்திரம் எப்படி இருந்தாலும், அந்தத் தகடு என்ன உலோகம், எவ்வளவு அகலம், எவ்வளவு சமதளம் என்பவைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன.

காந்தத் தன்மை உள்ள இரும்பிலும் எஃகிலும் இந்த மின்னோட்டம் ஆழமாக இறங்காது. மேற்பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்துக்குள்ளேயே நெருக்கியடித்து ஓடும். வழி குறுகலானதால் தடை அதிகம், தடை அதிகமானதால் சூடும் அதிகம். அலுமினியத்திலும் செம்பிலும் மின்னோட்டம் ஓடாமல் இல்லை, தாராளமாக ஓடும். ஆனால் தடை பல பத்து மடங்கு குறைவு என்பதால் சூடு பிறக்காது. அந்த நிலையில் காயிலிலும் அதை இயக்கும் பவர் டிரான்சிஸ்டரிலும் மின்னோட்டம் எகிறும் என்பதால், அடுப்பு அதைக் கண்டுகொண்டு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. உங்கள் அடுப்பு போட்ட ‘பீப்’ சத்தம் அதுதான். ஜப்பானில் இன்னும் அதிக அதிர்வெண்ணில் இயங்கி, அலுமினியத்தையும் செம்பையும் சூடாக்கும் அடுப்புகள் விற்பனையில் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அடுப்பு அந்த வகை இல்லை.

எவர்சில்வர் விஷயத்துக்கு வருகிறேன். நாம் எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்வதற்குள் பல உலோகக் கலவைகள் இருக்கின்றன. நல்ல பாத்திரங்களில் போடும் 304 என்ற தரத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நிக்கல் சேர்ந்ததால் அதன் உள்கட்டமைப்பு மாறிக் காந்தத் தன்மை போய்விடுகிறது. விலை குறைந்த பாத்திரங்களில் வரும் 200 வரிசைத் தரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. 430 என்ற தரத்தில் நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது, குரோமியம் 16 முதல் 18 சதவீதம். இதில் காந்தம் நன்றாக ஒட்டும், இண்டக்‌ஷனுக்குப் பொருந்துவதும் இதுதான். ஆக, காந்தம் ஒட்டாத பாத்திரம் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். துருப்பிடிக்காத குணத்தில் 304 தான் 430ஐவிட மேல். உங்கள் அம்மா கொடுத்த பாத்திரங்களில் சூடாகாதவை தரத்தில் உயர்ந்தவையாகவே இருக்கலாம்.

காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். சரியான சோதனைதான், ஆனால் முழுமையானது இல்லை. காந்தத்தை அடியின் நடுப்பகுதியில், வெளிப்புறமாக வைத்துப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. 304 தகட்டை அச்சில் அழுத்திக் குடமாக இழுக்கும்போது வளைந்த இடங்களில் லேசான காந்தத் தன்மை வந்துவிடும். அதனால் விளிம்பில் காந்தம் மெல்ல ஒட்டிக்கொள்ளும், அடியில் ஒட்டாது. பட்டென்று பிடித்து, இழுத்தால்தான் வரும் என்ற அளவுக்கு அடியில் ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொங்கிக்கொண்டு நழுவுகிற அளவுக்கு ஒட்டினால் உறுதியாகச் சொல்ல முடியாது. காந்தம் அறவே ஒட்டாத மெல்லிய எவர்சில்வர் பாத்திரம்கூடச் சில அடுப்புகளில் அரைகுறையாகச் சூடாவதை நீங்கள் பார்க்கலாம். செம்பு அலுமினியத்தைவிட எவர்சில்வருக்கு மின்தடை அதிகம், தகடும் மெல்லியதாக இருந்தால் ஓரளவு சூடு பிறக்கும். சில அடுப்பு அதை ஏற்கும், சில ஏற்காது. ‘பாதி ஓடுகிறது, பாதி ஓடவில்லை’ என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் காந்தத்துக்கு அடுத்ததாக நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை தண்ணீர்ச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 2000 வாட் அடுப்பு எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், மூன்று நிமிடத்துக்குள் கொதி வர வேண்டும். மூடி போட்டு, முழு வாட்டில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று, மூன்றரை நிமிடத்தில் கொதித்தால் அந்தப் பாத்திரம் அடுப்போடு நன்றாக ஒத்துப்போகிறது. ஐந்தாறு நிமிடம் ஆனால் அடித்தகடு மின்சாரத்தை முழுதாக வாங்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பாத்திரத்தில் எப்போதாவது வெந்நீர் வைக்கலாம், தினமும் சோறு குழம்பு வைக்கத் தோதுப்படாது. வீட்டில் மின்னழுத்தம் குறைவாக இருந்தாலும் நேரம் கூடும் என்பதால், நன்றாகக் காந்தம் ஒட்டும் ஒரு பாத்திரத்தை முதலில் சோதித்து, அந்த நேரத்தோடு மற்றவற்றை ஒப்பிடுவதே நியாயம்.

தேறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு, மண்சட்டி, கல்சட்டி ஆகிய எதுவும் இந்த அடுப்பில் ஓடாது. பலரும் ஏமாறுவது செம்பு அடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில். கேஸ் அடுப்பில் அடி பிடிக்காமல் இருப்பதற்காகப் போட்ட அந்தச் செம்பே இங்கே தடையாகிவிடுகிறது. அடியில் கனமான அலுமினியத் தகடு ஒட்டிய பழைய பாத்திரங்களும் அப்படித்தான். அந்த அலுமினியத்துக்கும் கீழே ஓர் எஃகுத் தகடு இருந்தால் மட்டுமே ஓடும். எனாமல் பூசிய பாத்திரம் பெரும்பாலும் உள்ளே இரும்புத் தகடுதான் என்பதால் ஓடும்.

அடியின் அகலமும் சமதளமும் இதே அளவுக்கு முக்கியம். இங்கே விற்கும் அடுப்புகள் பலவற்றில் குறைந்தபட்ச அடி விட்டம் 12 சென்டிமீட்டர் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். ஒரு டம்ளர் பாலுக்கு வைக்கும் சின்னக் கிண்ணம் நல்ல இரும்பாகவே இருந்தாலும், பாத்திரம் இல்லை என்றே அடுப்பு நினைத்துக்கொள்ளும். அலுமினியக் குக்கர்களில் ‘இண்டக்‌ஷன் பேஸ்’ என்று விற்பவற்றைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டைகள் போட்ட ஓர் எஃகுத் தகட்டை அலுமினியத்துக்குள் அழுத்திப் பதித்திருப்பார்கள். குக்கரின் அடி 20 சென்டிமீட்டர் இருந்தாலும் அந்தத் தகடு 13 சென்டிமீட்டர்தான் இருந்தால், அடுப்பின் கணக்கில் அது 13 சென்டிமீட்டர் பாத்திரம். தகடு அகலமாகப் பதித்ததைத் தேடி வாங்குவது நல்லது. அடியின் சமதளத்தைப் பார்க்க ஒரு எஃகு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒரு மயிரிழை உள்வாங்கியிருந்தால் பரவாயில்லை, சூடானதும் சமமாகிவிடும். வெளியே புடைத்திருந்தால் பாத்திரம் கண்ணாடிமேல் சுற்றும், சூடும் சீராகப் பரவாது. அதிகமாக உள்வாங்கியிருந்தாலும் ஆபத்து உண்டு. வெப்பத்தை அளக்கும் சென்சார் கண்ணாடியின் நடுவே அடியில் இருக்கிறது. இடையில் காற்று இடைவெளி இருந்தால் பாத்திரத்தின் உண்மையான சூடு அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வடை, அப்பளம் பொரிக்கும்போது இந்தத் தாமதத்தில் எண்ணெய் புகைந்து தீப்பிடிக்கும் நிலைக்குப் போகலாம். அடி வளைந்த வாணலியில் எண்ணெய் காய வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது.

தோசைக்கல் கதை தனி. வார்ப்பிரும்புக் கல் இண்டக்‌ஷனுக்கு மிக நன்றாகப் பொருந்தும் உலோகம், அதில் குறையில்லை. ஆனால் சிறிய அடுப்புகளில் காயிலின் விட்டம் 18, 20 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். உங்கள் கல் 28, 30 சென்டிமீட்டர். காயிலுக்கு நேர் மேலே வளையமாகச் சூடு பிறக்கிறது, ஓரத்துக்கு அது இரும்பின் வழியே பரவித்தான் போக வேண்டும். இரும்பு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அலுமினியம் இரும்பைவிட நான்கைந்து மடங்கு நன்றாகக் கடத்தும். முழு வாட்டில் வைத்து ஒரே நிமிடத்தில் மாவை ஊற்றினால் காயிலுக்கு மேலே உள்ள பகுதி கருகுவதும் ஓரம் வெளுத்துக் கிடப்பதும் நடந்தே தீரும். 600, 800 வாட்டில் வைத்து ஆறேழு நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் தெளித்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி சத்தம் வரும்போது மாவை ஊற்றுங்கள். அப்போதும் ஓரம் சற்று மெதுவாகத்தான் வேகும், அதை முழுதாகத் தீர்க்க முடியாது. 24, 25 சென்டிமீட்டர் கல் இந்த அடுப்புக்கு ஏற்றது. மெல்லிய இரும்புத் தகட்டில் செய்த கல்லைத் தவிருங்கள். திடீர்ச் சூட்டில் நெளிந்துவிடும். இன்னொன்று: பெரிய கல்லின் ஓரம் பொத்தான்கள் உள்ள பகுதிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சூட்டில் பொத்தான் மேலுள்ள படலமும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் உருகிப்போகும். பழுதுக்கு வரும் அடுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கல்லை இறக்கும்போது மெதுவாக வையுங்கள், கண்ணாடிமேல் தேய்த்து இழுக்காதீர்கள். கண்ணாடியில் விரிசல் விழுந்தால் அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பொங்கி வழியும் தண்ணீர் அந்த விரிசல் வழியே மின்சாரம் ஓடும் காயிலுக்கு இறங்கும்.

கடைக்காரர் காட்டிய தட்டு வேலை செய்யும், அதில் பொய்யில்லை. அடுப்பு தட்டைச் சூடாக்கும், தட்டு உங்கள் பாத்திரத்தைச் சூடாக்கும். ஆனால் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே சூடு மெதுவாகத்தான் கடக்கும். அதற்குள் தட்டு அளவுக்கு மீறிச் சூடாகி, அந்தச் சூட்டைக் கண்ணாடிக்கும் அடியிலுள்ள காயிலுக்கும் இறக்கிவிடும். சென்சார் அதைப் பார்த்து அடிக்கடி அடுப்பை நிறுத்தும். இண்டக்‌ஷனின் வேகமும் மின் சிக்கனமும் அங்கேயே போய்விடுகின்றன. பல அடுப்புக் கையேடுகள் இத்தகைய தட்டை வைக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. குறைந்த வாட்டில் எப்போதாவது ஒரு முறை ரசத்தைச் சூடுபடுத்தலாம், அவ்வளவுதான். ஈயச் சொம்பை மட்டும் தட்டின்மேல் வைக்காதீர்கள். ஈயம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், தட்டு அதைத் தாண்டிச் சூடாக அதிக நேரம் ஆகாது. மண்சட்டியும் வெண்கலப் பானையும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு பொருத்தமாக இருக்கும். அதில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கம்பியே சூடாகும் என்பதால் எந்தப் பாத்திரமும் ஓடும்; ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை யோசித்து வாங்குங்கள்.

பால், பாயசம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை மெல்லிய அடிப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. விலை குறைந்த அடுப்புகள் பல, 300 வாட் என்று காட்டும்போது தொடர்ந்து 300 வாட் கொடுப்பதில்லை. சில நொடி அதிக வாட்டில் ஓடும், சில நொடி நிற்கும், சராசரி அவ்வளவு வரும். மெல்லிய அடி ஒவ்வொரு ஓட்டத்திலும் சுரீரென்று சூடேறிப் பாலைப் பிடிக்க வைக்கும். கனமான அடி அந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் மூன்றடுக்குப் பாத்திரங்களைப் பரிந்துரைக்கிறேன். வெளியே காந்தம் ஒட்டும் எஃகு, நடுவில் சூட்டைப் பரப்ப அலுமினியம், உணவு படும் உள்பக்கத்தில் 304. ஒவ்வோர் உலோகமும் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யும் அமைப்பு அது. விலை கூடுதல்தான், ஆனால் தினமும் பால் காய்ச்சும் வீட்டில் அந்தக் காசு வீண் போகாது. அந்த மாதிரி அடுக்குப் பாத்திரங்கள் சில நேரம் ‘ம்ம்’ என்று முனகும். அடுக்குகள் அதிர்வதால் வரும் சத்தம் அது, பயப்பட வேண்டியதில்லை.

நான்-ஸ்டிக் பாத்திரம் வைத்திருந்தால் வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். கேஸில் அந்தச் சூடு வரச் சற்று நேரமாகும். இங்கே முழு வாட்டில் காலி வாணலி வெகு சீக்கிரம் அதைத் தொட்டுவிடும். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். குக்கரைப் பொறுத்தவரை, கேஸில் வைத்த விசில் கணக்கை அப்படியே இங்கே வைக்காதீர்கள். அழுத்தம் மிக வேகமாக ஏறிவிடுவதால் பருப்பு ஊறி வேகுமுன்பே மூன்று விசில் வந்துவிடும். முதல் விசில் வந்ததும் வாட்டைக் குறைத்து நிமிடக் கணக்கில் வேகவிடுங்கள்.

உடல்நலம் குறித்து எனக்குச் சொல்லத் தகுதியுள்ளது கொஞ்சம்தான். காயிலைவிடச் சிறிய பாத்திரத்தையோ, நடுவிலிருந்து விலகிய பாத்திரத்தையோ வைத்தால் காந்தப்புலம் அதிகமாக வெளியே கசியும். கண்ணாடிமேல் வரைந்திருக்கும் வளையத்தைப் பாத்திரம் முழுதாக மூட வேண்டும், நெளிந்த பாத்திரம் வேண்டாம் என்று சுவிட்சர்லாந்து அரசின் பொது சுகாதார அலுவலகமும் அறிவுறுத்துகிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்படி வழக்கமாகச் சொல்வார்கள். அவரவர் கருவிக்கு அது போதுமா என்பதை இதய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, வாங்க வேண்டியவை. உங்கள் வீட்டில் இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறீர்கள். 3 லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்று, அடியில் எஃகு, அலுமினியம், எஃகு என்று அடுக்கு வைத்ததாக. 16 அல்லது 18 சென்டிமீட்டர் மூன்றடுக்குப் பால் பாத்திரம் ஒன்று. தட்டையான அடியுள்ள 22, 24 சென்டிமீட்டர் வாணலி ஒன்று. தோசைக்கல் ஏற்கெனவே இருக்கிறது, கொஞ்சம் பொறுமை போதும். செட்டாக வாங்கினால் பெரும்பாலும் இரண்டு பாத்திரம் உபயோகமாகும், மற்றவை பரணுக்குப் போகும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தமும் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். இண்டக்‌ஷனுக்கு ஏற்றது என்பதற்கான சுருள் அடையாளம் பெட்டியில் போட்டிருந்தாலும் திருப்பிப் பார்த்து, அடியின் நடுவில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நீங்கள் கேஸ் இணைப்புக்குக் காத்திருப்பதால், சூடாகாத 304 பாத்திரங்களையும் செம்பு அடிப் பாத்திரங்களையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். இணைப்பு வந்ததும் அவை முதல் வரிசைக்கு வந்துவிடும்.

பாத்திரத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், இருந்தாலும் வாடகை வீடு என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போடும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் அதை மாற்றுப் பின் வைத்துச் சொருகாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். சமையல் முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை உடனே அணைக்காமல், உள்ளே இருக்கும் ஃபேன் தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள். கனமான பாத்திரத்திலிருந்து இறங்கிய சூடு அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் வெளியே போகிறது.